அண்ணன் இருக்கும் ஊரில் அறை

ஏற்காட்டில் நடுத்தரமான ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் பதிமூன்று வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருப்பேன். அறை கேட்டு அழைப்பவர்களை முதல் கேள்வியிலேயே தரம் பிரித்துவிடுவேன். 'வியூ இருக்கா' என்று தொடங்கினால் புதிதாகக் கல்யாணமானவர்கள். 'சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும்' என்றால் வயதானவர்களை அழைத்து வருகிறார்கள். 'எக்ஸ்ட்ரா பெட் போடுவீங்களா' என்றால் இரண்டு பேருக்கான அறையில் ஆறு பேர் இறங்கப் போகிறார்கள். ஏரி எவ்வளவு தூரம் என்று எல்லோரும் கேட்பார்கள். பக்கம்தானுங்க என்று எல்லோருக்கும் சொல்வேன். நடந்தால் இருபத்தைந்து நிமிடம். போகும்போது இறக்கம் என்பதால் யாருக்கும் தெரியாது, ஏறி வரும்போதுதான் என்னைத் திட்டுவார்கள்.

இத்தனை பேருக்கு அறைச் சாவி கொடுத்த நான், விருந்தாளியாக ஒரு ஓட்டல் அறையில் ஒரு நாளும் படுத்ததில்லை. என் மனைவியும் படுத்ததில்லை. எங்கே போனாலும் சொந்தக்காரர் வீடு, இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்து ஜமக்காளம்.

எங்கள் வீடு வெள்ளக்கடையில். மனைவி பக்கத்து காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறாள். குழாயில் ஐந்து மணிக்கு வரும் தண்ணீர் ஐந்தரைக்கு நின்றுவிடும். அதனால் நாலரைக்கே எழுந்துவிடுவாள். தண்ணீர் பிடித்து, சமைத்து, இரண்டு பேருக்கும் சோறு கட்டி, ஏழரைக்கு வருகைக் கணக்கு எழுதும் ரைட்டர் பெயர் வாசிக்கும்போது எஸ்டேட்டில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்குத்தான் லீவு, குழாய்க்கு லீவு கிடையாது. மகள் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகாவது கொஞ்சம் கூடத் தூங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அதே நாலரைதான். நான் கண் விழிக்கும்போது அவள் பாதி வேலையை முடித்திருப்பாள்.

போன ஜூன் மாதம், கோடைக் கூட்டம் எல்லாம் மலையிறங்கிய பிறகு, ஒரு சாயங்காலம் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். மூன்று நாள் லீவு கிடைக்குமா என்று கேட்டாள். இப்போது ஓட்டல் காலிதான், கிடைக்கும் என்றேன்.

"தஞ்சாவூரு போலாமுங்க. ஆனா அண்ணன் ஊட்டுக்கு வேண்டாம். ரூமு போட்டுக்கலாம்."

துணியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். கேட்டது சின்ன விஷயம் இல்லை.

அவளுடைய அண்ணன் தஞ்சாவூரில் கரந்தைப் பக்கம் இருக்கிறார். அரிசி ஆலைக்கு வண்டி ஓட்டுகிறார். அப்பா இறந்தபோது இவளுக்குப் பதினோரு வயது, அவருக்குப் பத்தொன்பது. எஸ்டேட் லாரியில் கிளீனராக ஏறி, அப்புறம் ஓட்டக் கற்றுக்கொண்டு, இவளைப் பத்தாவது வரை படிக்க வைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்தவர். அதற்குப் பிறகும் பிடியை விடவில்லை. வருடா வருடம் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத் தன் மனைவியோடு மலையேறி வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்குவார். ஞாயிறு தவறாமல் தங்கையிடம் போனில் பேசுவார். பெரும்பாலும் என்ன குழம்பு என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

கல்யாணமான பதினைந்து வருடத்தில் நாங்கள் நான்கு முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையல்கட்டு. படுக்கையறையை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் ஹாலில் படுப்பார்கள். இந்தக் கூச்சத்தில் என் மனைவி, அண்ணி எழுவதற்கு முன்னால் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். வந்த நாத்தனார் வேலை செய்ய நாம் படுத்திருப்பதா என்று அண்ணி மறுநாள் அதற்கும் முன்னால் எழுவார். கடைசியாகப் போனபோது இந்தப் போட்டி முற்றி, இரண்டு பேரும் மூன்றே முக்கால் மணிக்குச் சமையல்கட்டில் நின்றார்கள். தண்ணீர் குடிக்க எழுந்த நான் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான்கு முறை போனதில் பெரிய கோயிலை அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம். அன்றைக்கும் ஊறவைத்த அரிசி புளித்துவிடும் என்று இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள்.

இருந்தாலும் அண்ணன் இருக்கும் ஊரில் அறை எடுப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். உன் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான். இதை அடுத்தவர் கதையாகச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு ஏற்காட்டுக்கு வந்தான். எனக்குச் சொல்லவில்லை. வேறு ஒருவர் பெயரில் அறை பதிவாகியிருந்தது, வந்து மேசை முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அவனுக்கும் அது நான் வேலை பார்க்கும் இடம் என்று தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேரும் முழித்தோம். நான் சாவியைக் கொடுத்தேன், கையெழுத்து வாங்கினேன், வெல்கம் சார் என்றேன். அப்பன் வழி உறவை சார் என்று கூப்பிட்டதில் எனக்கு ஒரு திருப்தி. அதற்குப் பிறகு அவன் வீட்டு விசேஷம் இரண்டுக்கு நான் போகவில்லை. அப்படிப்பட்ட நான்தான் இப்போது மனைவி கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கோயிலை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் அண்ணன் வீட்டில் தங்கியே ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கோயிலும் பாக்கோணும். அதைவிட, ஒரு நாளு காலைல எந்திரிக்காம கெடக்கோணுமுங்க. ஆரு ஊட்டுக்குப் போனாலும் எனக்கு அது முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஐநூறு பேருக்கு, ஆயிரம் பேருக்கு நான் விற்ற பொருள் அது. பத்து மணி வரை தூங்கிவிட்டு வந்து சாம்பார் ஆறிப்போச்சு என்று குறை சொல்லும் ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். வீட்டில் ஒருத்தி அதைக் கேட்க இவ்வளவு கூசுகிறாள். போடலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நிபந்தனை போட்டாள். அண்ணனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றாள். அதனால் ஒரே ஒரு இரவு, செவ்வாய்க்கிழமை, அண்ணனின் ஆலை வண்டிக்கு லோடு அதிகம் இருக்கும் நாள் என்று முடிவானது. மிச்ச லீவில் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

அன்றிலிருந்து நானும் அவளும் திருட்டுக்குத் திட்டம் போடுகிறவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனில் தஞ்சாவூர் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வோம். அண்ணன் வீடு இங்கே, ஆலை இங்கே, மார்க்கெட் இங்கே. இந்த மூன்றுக்கும் இடையில் இருக்கும் ஓட்டல்கள் எல்லாம் தள்ளுபடி. புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நல்லதாக ஒன்று இருந்தது. நாங்கள் போகும்போதெல்லாம் அண்ணன் வண்டியோடு நின்று வரவேற்கும் இடம் அதுதான் என்பதால் அதுவும் போயிற்று. மிஞ்சியவற்றில் மூன்றை எடுத்துப் படங்களைப் பார்த்தோம். படத்தில் கட்டிலைச் சுற்றி இவ்வளவு இடம் இருக்கிறதே என்று அவள் ஆசையாகச் சொன்னாள். மூலையில் ஏறி நின்று எடுத்தால் எங்கள் ஓட்டலின் மிகச் சின்ன அறையில்கூட அவ்வளவு இடம் தெரியும் என்று நான் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. படத்தைப் பார்க்க விடுங்கள் என்றாள்.

மறுநாள் ஓட்டலில் கூட்டம் இல்லாத நேரத்தில் நானே மூன்று இடங்களுக்கும் போன் செய்தேன். மேசைக்கு இந்தப் பக்கமே இருந்தவனுக்கு அந்தப் பக்கத்துக் கேள்விகள் வாயில் வரவில்லை. முதல் இடத்தில் பெரிய கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பக்கம்தான் சார் என்றார்கள். குரலை வைத்தே அந்தப் பக்கத்தை அளந்துவிட்டேன், போனை வைத்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு இளைஞன் எடுத்தான். பழக்கதோஷத்தில் சுடுதண்ணீர் எத்தனை மணி வரை வரும் என்று முதலில் கேட்டுவிட்டேன். அவன் ஒரு நொடி யோசித்துவிட்டு, இப்போதைக்குக் குழாயில் வருவதே சுடுதண்ணிதான் சார் என்றான். ஏ.சி. வேண்டாம், ஃபேன் போதும் என்றேன். சார் எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். அவன் என்னிடம் மேற்கொண்டு கேட்காமல் ஏ.சி. அறை என்றே எழுதிக்கொண்டான். எங்கள் ஓட்டலில் பாதி அறைகளுக்கு ஃபேனே கிடையாது. சமவெளியில் ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்பதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

கடைசியாக, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று கேட்டேன். பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தெரியும் சார் என்றான். பதிமூன்று வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் சொல்லாத பதில் அது. அங்கேயே பதிவு செய்துவிட முடிவு செய்தேன்.

அவன் போனுக்கு ஒரு படிவம் அனுப்பினான். பெயர், ஊர், வரும் நேரம், எத்தனை பேர், அடையாள அட்டை எண். நிரப்பத் தொடங்கும்போது எங்கள் மேசைக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டது. அவர்களிடம் ஒரு கண், போனில் ஒரு கண். எங்கள் ஓட்டலில் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார். விசாரணை என்று யாராவது வந்து நின்றால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடியை அவசரத் தொடர்பு எண் எழுதவில்லை என்று மேசைக்குத் திரும்பக் கூப்பிட்டவன் நான். தஞ்சாவூர்ப் படிவத்தில் கடைசிக் கட்டம் 'உள்ளூரில் தெரிந்தவர் எண், இருந்தால்' என்று இருந்தது. அந்த 'இருந்தால்' என் கண்ணில் படவே இல்லை. தஞ்சாவூரில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். கை அதை அடித்து முடித்து, படிவத்தை அனுப்பி, வந்த குடும்பத்துக்குச் சாவியும் எடுத்துக் கொடுத்துவிட்டது. நான் என்ன செய்தேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிறு வந்தது. அண்ணன் வழக்கம்போல் கூப்பிட்டார். என் மனைவி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை என்னிடம் நீட்டினாள். அடுப்பில் பால் இல்லை. அவர் என்னிடம், இந்தப் பக்கம் வந்து நாளாச்சே மாப்ள, சீசன் முடிந்ததே, ஒரு எட்டு வந்துவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்டார். பார்க்கலாமுங்க என்றேன். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவோமா என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி அடித்த மழையில் வெள்ளக்கடையில் மரம் விழுந்து மின்சாரம் போனது. கூடவே ஏற்காடு வரைக்கும் செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. எங்களுக்கு இது புதிதில்லை. திங்கள்கிழமை முழுக்க யாருக்கும் யாரோடும் பேச்சில்லை. செவ்வாய் விடியலில் கிளம்பி, சேலத்தில் இறங்கியபோதுதான் போனுக்கு உயிர் வந்தது. ஓட்டலிலிருந்து இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. வருகிறீர்களா என்று உறுதி செய்யும் அழைப்பு, நானும் தினமும் செய்கிற வேலைதான். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருச்சியில் பஸ் மாறி, தஞ்சாவூரில் புது பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினோம். வெயில் மண்டையில் இறங்கியது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். வெயிலுக்காக மட்டும் இல்லை. அரிசி மூட்டை ஏற்றிய வண்டி எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டோவில் ஓட்டல் போய்ச் சேர்ந்தோம். போனில் பேசிய அதே இளைஞன்தான் மேசையில் இருந்தான். நல்ல சுறுசுறுப்பு, சட்டைப்பையில் இரண்டு பேனா. எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டே சிரித்த முகமாகச் சொன்னான்.

"நேத்து உங்க நம்பர் கிடைக்கல சார். அதான் நீங்க குடுத்த லோக்கல் நம்பருக்கு அடிச்சேன். கண்டிப்பா வருவாங்க, நல்லா கவனிச்சுக்கங்கன்னு சொன்னாரு."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்த எண் என்று அவள் கேட்கவில்லை. அவள் அண்ணனின் எண்ணைத் தவிர இந்த ஊரில் எனக்கு வேறு எண் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

அறை நன்றாக இருந்தது. வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது, துண்டுகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. தொழில் தெரிந்த யாரோ செய்த வேலை. அவள் கட்டிலில் உட்காரவில்லை. கையில் பையோடு சுவர் ஓரமாக நின்றாள். நான் தப்பு செய்துவிட்டேன் என்றேன், படிவம், கட்டம், மேனேஜர் என்று என்னவோ சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"நேத்தே தெரிஞ்சும் அண்ணன் ஒரு போனு பண்ணலீங்களே" என்றாள்.

சேலத்திலிருந்து எங்கள் போன்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. அவர் கூப்பிடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். நான் அவர் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. பையைத் தூக்குங்கள், அங்கேயே போய்விடலாம் என்றாள். கோயில் என்றேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். அவள் கேட்டது ஒரு காலை. அதை ஒரு காலிக் கட்டத்துக்குப் பயந்து நானே கெடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. பையைத் தூக்கும்போது அறையில் இருந்த போன் அடித்தது. பார்க்க ஒரு அம்மா வந்திருக்கிறார்கள், மேலே அனுப்பட்டுமா என்று அந்த இளைஞன் கேட்டான்.

வந்தது அண்ணி. அவளுடைய அண்ணனின் மனைவி. கையில் நான்கடுக்கு டிபன் கேரியர். உள்ளே வந்து அதை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், குப்பனூரில் பிறந்தவர். இருபது வருடமாகியும் அவருக்குத் தஞ்சாவூர் வெயில் பழகவில்லை.

அண்ணன் கீழே வண்டியில் இருக்கிறார், மேலே வரமாட்டேன் என்றுவிட்டார் என்று சொன்னார். நேற்று அந்தப் போன் வந்ததிலிருந்து அவர் யாரிடமும் பேசவில்லையாம், ராத்திரி தட்டைத் தொடவில்லையாம். காலையில் மட்டும், அவளுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காது, ஏதாவது செய்து கொண்டுபோய்க் கொடு என்றாராம். அதைக் கேட்டதும் என் மனைவி உடைந்துவிட்டாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏன் அறை எடுத்தோம் என்பதையும் அழுகைக்கு நடுவில் சொல்லிவிட்டாள். எந்திரிக்காமல் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று அவள் சொன்னபோது, அண்ணி அவள் கையை விடுவித்துக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன்.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். விரிப்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். இதை யார் விரிப்பார்கள் என்று என்னைக் கேட்டார். இங்கே வேலை செய்பவர்கள் என்றேன். காப்பி வேண்டும் என்றால் என்று கேட்டார். போன் செய்தால் கொண்டு வருவார்கள். டம்ளரை யார் கழுவுவார்கள். அவர்களேதான் எடுத்துப்போவார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் மேசைக்காரனாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கேட்டார். எழ வேண்டிய அவசியம் இல்லைங்க, சாப்பாடு பத்து மணி வரை இருக்கும் என்றேன். என் மனைவியைப் பார்த்து, அழுவாத கண்ணு என்றுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அண்ணா, நீங்க எங்கூட்டுக்குப் போயிருங்க. மாப்ள வந்து தங்கீட்டாருன்னா அவுருக்கு மனசு ஆறீரும். நான் கண்ணுகூட இங்க இருந்துக்கறேன். எனக்கும் நொம்ப நாளாச்சுங்க."

என் மனைவி அழுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். மூன்றே முக்கால் மணிப் போட்டியில் இரண்டு பக்கமும் ஒரே ஆசைதான் இருந்திருக்கிறது. அது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

எனக்கோ வேறு கவலை. உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை கொடுக்கக்கூடாது என்று பல ஓட்டல்களில் விதி உண்டு. எங்கள் ஓட்டலிலும் உண்டு, ஏற்காட்டு முகவரிக்காரர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அண்ணியின் ஆதாரை வாங்கிப் பார்த்தேன். முதலில் அதற்குப் படம் எடுத்தபோது அம்மா வீட்டில் இருந்தாராம், குப்பனூர் முகவரிதான் இருந்தது. மாற்றச் சொல்லி அண்ணன் பலமுறை சத்தம் போட்டும் மாற்றவில்லையாம். கீழே போய் அந்த இளைஞனிடம் கொடுத்தேன். எனக்குப் பதில் இவர்கள் தங்குவார்கள் என்றேன். அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுதிக்கொண்டான். நானாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

வண்டி வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றது. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் எதிரே இருந்த சுவரையே பார்த்தோம்.

"எங்கூட்டுல என்ன கொறைங்க மாப்ள?" என்று கடைசியில் கேட்டார்.

குறை ஒன்றும் இல்லை என்றேன். நான் எதையும் பூசி மெழுகவில்லை. தங்கைக்கு ஒரு நாள் காலையில் தூங்க வேண்டும், சொந்தக்காரர் வீட்டில் எந்தப் பெண்ணும் தூங்க முடியாது என்றேன். கடைசியாக வந்தபோது விடியுமுன்னே இரண்டு பேரும் சமையல்கட்டில் நின்றதைச் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அது தெரியவே தெரியாது. ஆறரைக்கு எழுந்து காப்பி குடிக்கும் மனிதர்.

"எங்கூட்டுக்காரி எத்தன மணிக்கு எந்திரிக்கறான்னு இதுவரைக்கும் நான் கேட்டதில்லீங்க" என்றார்.

பிறகு வண்டியைக் கிளப்பினார். அன்று நான் அவர் வீட்டில் தங்கினேன். சாயங்காலம் பெண்கள் இருவரும் நடந்தே பெரிய கோயிலுக்குப் போய், நடை சாத்தும்வரை புல்தரையில் உட்கார்ந்திருந்ததாகப் போனில் சொன்னார்கள். அண்ணி உள்ளூர்க்காரராக இருந்தும், அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல்முறையாம்.

மறுநாள் காலை நான் ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டேன். வீடு அமைதியாக இருந்தது. அண்ணன் ஆறரைக்கு எழுந்து வந்தார், மனைவியைக் கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். சமையல்கட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். மூன்று டப்பாக்களைத் திறந்து பார்த்தார், காப்பித்தூள் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தெருமுனைக் கடையில் போய்க் குடித்துவிட்டு வந்தோம். மகன் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருப்பதால் வீட்டில் வேறு ஆள் இல்லை. எட்டு மணிக்கு அவர் ஆலைக்குப் போன் செய்து இன்று வரவில்லை என்றார். ஒன்பது மணிக்கு, எழுந்துவிட்டார்களா என்று கேளுங்கள் என்றார்.

ஓட்டல் மேசைக்கு அழைத்தேன். கதவில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டை தொங்குகிறது, அறைக்கு லைன் கொடுக்கட்டுமா என்று இளைஞன் கேட்டான். அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் வேகமாகத் தலையாட்டினார்.

"வேண்டாமுங்க. எழுப்ப வேண்டாம்னு சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னைக்கு ராத்திரிக்கும் அந்த ரூமு இருக்குமானு கேளுங்க மாப்ள" என்றார்.

கேட்டேன். இருக்கிறது என்றான். யார் தங்குவார்கள் என்று கேட்டான். அதே இரண்டு பேர்தான் என்றேன்.

பத்தரைக்கு என் மனைவி போன் செய்தாள். காலைச் சாப்பாடு முடிந்துபோச்சாமுங்க என்றாள். குரல் கம்மிக் கரகரவென்று இருந்தது. மறுபடியும் அழுதாளோ என்று பயந்துபோய், ஏன் குரல் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லைங்க, இப்போதுதான் எழுந்தேன் என்றாள். தூங்கி எழுந்த அவள் குரலைப் பதினைந்து வருடத்தில் அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.